ஜெனரல் மோட்டார்ஸ் நல்ல கம்பெனியா, கெட்ட கம்பெனியா?

கேள்வியை முதலில் இங்கேயே எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆன ஒருவர் கேட்டிருக்கிறார்: எங்கள் தெருவில் இருக்கிற பெரியவர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியைத் தவிர வேறொன்றை வாசலில் நிறுத்த மாட்டார்கள், ஆபீஸில் நம்ம ஆட்கள் எல்லாரும் ஜிஎம் பக்கமே போகாதே, கண்ணை மூடிக்கொண்டு டொயோட்டா எடு என்கிறார்கள், ஒரே கம்பெனிக்கு எப்படி இரண்டு பெயர் இருக்க முடியும், குடும்பம் பெரியது என்பதால் ஜிஎம்மின் பழைய ஷெவர்லே தாஹோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா வேண்டாமா?

தாஹோவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இரண்டு தரப்பு சொல்வதும் உண்மைதான், அதுதான் விஷயம். பல வருடமாக வண்டி உதிரிபாகத் தொழிலில் இருக்கிறேன், இந்தக் கம்பெனியின் கதையை எத்தனை தடவை திருப்பிப் படித்தாலும் எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. ஜிஎம்மில் எந்தக் காலத்திலும் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. எங்கே கோளாறு என்று உள்ளே யாரோ ஒருவருக்கு எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர் பேச்சு மேலே போய்ச் சேர்ந்த நாட்களில் உலகமே திரும்பிப் பார்த்த வண்டிகள் வந்தன. சேராத நாட்களில் வாங்கினவர்கள் நஷ்டப்பட்டார்கள், சிலர் உயிரையே விட்டார்கள்.

ஆரம்பத்திலிருந்து வருவோம். மிச்சிகனில் ஃபிளின்ட் என்று ஒரு ஊர். அங்கே குதிரை வண்டி செய்து பெரும் பணம் பார்த்தவர் வில்லியம் டுரன்ட். 1904-இல் தள்ளாடிக்கொண்டிருந்த ப்யூக் கம்பெனியைக் கையில் எடுத்துத் தூக்கி நிறுத்தினார், 1908 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸை ஆரம்பித்தார். அதற்குப் பிறகு மனிதர் வாங்கினார், வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். ஓல்ட்ஸ்மொபீல், கேடிலாக், பின்னால் பான்டியாக் ஆன ஓக்லண்ட், அதோடு பேர் தெரியாத ஏகப்பட்ட சில்லறைக் கம்பெனிகள். ஃபோர்டையே வாங்கப் பார்த்தார். ஹென்றி ஃபோர்டு 80 லட்சம் டாலர் ரொக்கமாகக் கேட்டார், வங்கிகள் டுரன்டுக்குக் கடன் தரவில்லை, அதோடு அந்தக் கதை முடிந்தது. 1910-இல் கடன் கழுத்தை நெரித்தபோது வங்கிக்காரர்கள் அவரையே வெளியே தள்ளினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, லூயி ஷெவர்லே என்ற பந்தய ஓட்டுநரோடு சேர்ந்து 1911-இல் ஷெவர்லே கம்பெனியை ஆரம்பித்து, அந்த லாபத்தில் ஜிஎம் பங்குகளை வாங்கிக் குவித்து 1916-இல் திரும்பவும் முதலாளியாக உள்ளே வந்தார். 1920-இல் மறுபடியும் கவிழ்ந்தார். கடைசிக் காலத்தில் அதே ஃபிளின்ட்டில் பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்திக்கொண்டிருந்தார். உலகத்திலேயே பெரிய கார் கம்பெனியை உண்டாக்கிய மனிதர் அவர். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் கணக்கு அவருக்குச் சுத்தமாக வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் வாங்கின கம்பெனிகளில் கேடிலாக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்களின் பெருமை அங்கேதான் தொடங்குகிறது. கேடிலாக்கை நடத்திய ஹென்றி லேலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலையில் துல்லியம் கற்றவர். அந்தக் காலத்தில் கார் பாகங்களை அரத்தால் ராவி ராவித்தான் ஒன்றோடொன்று பொருத்துவார்கள், ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குச் சேராது. 1908-இல், டுரன்ட் வாங்குவதற்கு முந்தைய வருடம், இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மூன்று கேடிலாக்குகளை ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் நட்டு நட்டாகப் பிரித்தார்கள். மூன்றின் பாகங்களையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரின் கடையில் இருந்த சாதாரண உதிரிபாகங்களைப் போட்டார்கள். மெக்கானிக்குகளுக்கு ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் மட்டும்தான், அரம் கிடையாது. குவியலிலிருந்து மூன்று வண்டியைத் திரும்பக் கட்டினார்கள், ஒரே வண்டியில் வேறு வேறு நிறப் பலகைகள். ஸ்டார்ட் செய்து 500 மைல் ஓட்டினார்கள், மூன்றும் ஓடின. இன்றைக்குக் கடைக்குப் போய் பாகம் எண்ணைச் சொன்னால் சரியாகப் பொருந்துகிற சாமான் கிடைக்கிறதே, அதை ஊரறிய நிரூபித்துக் காட்டிய நாள் அது. அப்புறம் 1912 மாடல் கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை முன்னால் நின்று கம்பியைச் சுற்ற வேண்டும், எஞ்சின் எதிர்ச்சுற்று சுற்றினால் கை முறியும்.

டுரன்ட் போனபிறகு 1923-இல் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் கணக்குத் தெரிந்தவர், பொறியியலும் படித்தவர். ஃபோர்டு ஒரே மாடலை, அதுவும் பல வருடம் கறுப்பு நிறத்தில் மட்டுமே, மலிவாக்கி மலிவாக்கி விற்றுக்கொண்டிருந்தபோது ஸ்லோன் ஒரு ஏணி போட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷெவர்லே, கொஞ்சம் சம்பளம் கூடினால் பான்டியாக், அதற்கு மேலே ஓல்ட்ஸ்மொபீல், டாக்டர் வக்கீல் என்றால் ப்யூக், உச்சியில் கேடிலாக். ஒரு குடும்பம் வாழ்நாள் முழுக்க ஜிஎம்மை விட்டு வெளியே போகாமலேயே மேலே ஏறலாம். கையில் காசு இல்லையா, 1919-இலிருந்தே கம்பெனியின் சொந்தக் கடன் நிறுவனம் தவணைக்குக் கொடுத்தது. வருடா வருடம் தோற்றத்தை மாற்ற ஹார்லி எர்ல் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டுவந்து தனிப் பிரிவே வைத்தார்கள். 1927-இல் ஃபோர்டு தன் மாடல் டி-யை நிறுத்த வேண்டி வந்தது. 1931-இலிருந்து 2007 வரை, 77 வருடம், உலகத்திலேயே அதிக வண்டி விற்றது ஜிஎம்தான்.

ஸ்டார்ட்டர் செய்த அதே கெட்டரிங்கின் ஜிஎம் ஆய்வுக்கூடத்தில்தான் ஒரு பெரிய பாவமும் நடந்தது. எஞ்சினில் தட்டுகிற சத்தத்தை நிறுத்த 1921-இல் தாமஸ் மிட்க்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து பார்த்தார், சத்தம் நின்றது. ஈயம் விஷம் என்பது அன்றைக்குப் புதுச் செய்தியே இல்லை, மிட்க்லிக்கே அந்த விஷம் ஏறி ஓய்வெடுக்க வேண்டி வந்தது. 1924-இல் நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். ஆல்கஹால் கலந்தாலும் தட்டுவது நிற்கும் என்று அதே ஆய்வுக்கூடத்துக்குத் தெரியும், ஆனால் அதற்குக் காப்புரிமை வாங்கிக் காசு பார்க்க முடியாது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்கக் குழந்தைகள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். 1970-களில் அமெரிக்காவில் ஈயமில்லாத பெட்ரோலைக் கொண்டுவர முன்னால் நின்றதும் ஜிஎம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஈயம் பட்டால் கெட்டுவிடும், அதனால் அப்போதைய தலைவர் எட் கோல் பிடிவாதமாக இருந்தார்.

சரி, உங்கள் தெருப் பெரியவர்களுக்கு வருவோம். அவர்கள் விசுவாசத்தின் வேர் வண்டியில் மட்டும் இல்லை. 1936 டிசம்பர் 30 அன்று ஃபிளின்ட்டில் ஜிஎம்முக்கு வண்டி உடல் செய்யும் ஃபிஷர் பாடி ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், ஆனால் வெளியே போகவில்லை. மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். வெளியே போனால் வேறு ஆள் வைத்து ஓட்டிவிடுவார்கள், உள்ளே இருந்தால் யாரும் தொட முடியாது. மிச்சிகன் குளிரில் ஆலையின் சூட்டை நிறுத்தினார்கள். ஜனவரி 11 அன்று போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது, உள்ளே இருந்தவர்கள் கார்க் கதவுக் கீல்களைத் தூக்கி எறிந்தார்கள், தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல்படையை அனுப்பினார், ஆனால் தொழிலாளர்களைச் சுட அனுப்பவில்லை. 44 நாள் கழித்து ஜிஎம் இறங்கி வந்து யுஏடபிள்யூ என்ற கார்த் தொழிலாளர் சங்கத்தை அங்கீகரித்தது. 1950-இல் ஐந்து வருட ஒப்பந்தம் வந்தது, அதில் ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் சேர்ந்தது. பள்ளிக்கூடம் முடித்த பையன் நேராக ஆலைக்குப் போய், வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பி, ஏரிக்கரையில் ஒரு சின்னக் குடிலும் வைத்துக்கொள்ள முடிந்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்கிற வண்டி அவருக்கு வெறும் வண்டி இல்லை, அவர் அப்பாவின் ஓய்வூதியம். அதோடு ஊழியர் தள்ளுபடி குடும்பத்துக்கும் உண்டு, அதனாலும் அந்தத் தெருவெல்லாம் ஜிஎம்மாக நிற்கிறது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற இரண்டு காரில் ஒன்று ஜிஎம். தொழில்நுட்பமும் சளைத்ததில்லை. முதல் வெகுஜன ஆட்டோமேட்டிக் கியர் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் வந்தது. 1955-இல் வந்த ஷெவர்லேயின் சின்ன வி8 எஞ்சின் வம்சம் 10 கோடியைத் தாண்டியது, இன்றைக்கும் அதன் அடிப்படையைப் பல பிக்கப்புகளில் பார்க்கலாம். எளிமையான, பழுது பார்க்கச் சுலபமான, அடித்தாலும் தாங்குகிற எஞ்சின். நான் அமெரிக்கப் பொறியியலில் எதையாவது மனசாரப் புகழ வேண்டும் என்றால் அதைத்தான் சொல்வேன்.

விழத் தொடங்கியது ஷெவர்லே கோர்வேர் என்ற காரில். 1960 மாடல், எஞ்சின் பின்னால், காற்றில் குளிரும். பின் சக்கரங்களைத் தாங்கிய அச்சு அமைப்பில் வேகமாகத் திருப்பினால் சக்கரம் உள்பக்கம் மடங்கும் ஆபத்து இருந்தது. முன்னால் ஒரு நிலைப்படுத்தும் கம்பி போட்டால் பெரிதும் சரியாகும் என்று பொறியாளர்களுக்குத் தெரியும், காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டார்கள். பதிலுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? முன் டயரில் 15, பின் டயரில் 26 என்று காற்று வைக்கச் சொன்னார்கள். எந்த பெட்ரோல் பங்கில் எந்தப் பையன் முன்னுக்கும் பின்னுக்கும் இவ்வளவு வித்தியாசமாகக் காற்று அடிப்பான்? நாலு டயருக்கும் ஒரே அளவு அடித்துவிட்டான் என்றால் வண்டியின் பாதுகாப்பே போயிற்று. 1964-இல் கம்பியைச் சேர்த்தார்கள், 1965-இல் அமைப்பையே மாற்றினார்கள், ஆனால் அதே 1965-இல் கார்களின் ஆபத்தைப் பற்றி ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீலின் புத்தகம் வந்துவிட்டது. ஜிஎம் அவருக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. விஷயம் அம்பலமாகி 1966 மார்ச்சில் ஜிஎம் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார், அந்த வருடமே கார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நியாயமாக ஒன்று சொல்கிறேன், 1972-இல் அரசாங்கமே சோதித்து, கோர்வேர் அன்றைய மற்ற வண்டிகளைவிட மோசமில்லை என்றுதான் முடிவு சொன்னது. ஆனால் அதற்குள் ஜனங்கள் மனதில் பதிந்தது வண்டி இல்லை, துப்பறிவாளன்.

அடுத்த இருபது வருடத்தை வேகமாகக் கடக்கிறேன், எனக்கே வருத்தமான பகுதி. வேகா என்ற சின்னக் கார், அலுமினிய எஞ்சினுக்குள் இரும்பு லைனர் இல்லை, சூடானால் கோணிக்கொள்ளும், உடம்போ துருப்பிடிக்கும். அதைச் செய்த ஓஹியோவின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் மணிக்கு 100 வண்டி என்று வண்டி கோர்க்கும் லைனை ஓட்டினார்கள், ஒரு வண்டிக்கு ஒரு ஆளுக்கு 36 வினாடி, 1972-இல் வேலைநிறுத்தம் வெடித்தது. அப்புறம் ஓல்ட்ஸ்மொபீலின் டீசல் எஞ்சின், பெட்ரோல் எஞ்சின் வடிவத்தை வைத்தே செய்தது, டீசலின் அழுத்தத்துக்கு ஹெட் போல்ட்டுகள் தாங்கவில்லை, டீசலில் கலந்து வரும் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிகூட வைக்கவில்லை. அமெரிக்கர்களுக்கு டீசல் கார் என்றாலே வெறுப்பு வர இது ஒரு பெரிய காரணம். 1982-இல் ஷெவர்லே கவாலியருக்குத் தோல் இருக்கையும் முத்திரையும் மாற்றி கேடிலாக் சிமரோன் என்று விற்றார்கள். 1983-இல் ஃபார்ச்சூன் பத்திரிகை நாலு பிராண்டின் நாலு காரை ஒரே நிறத்தில் அட்டையில் நிறுத்திக் காட்டியது, எது எது என்று சொல்லவே முடியவில்லை. ஸ்லோன் போட்ட ஏணியின் படிகளை அவர்களே அறுத்துவிட்டார்கள். ஷெவர்லேக்கும் ப்யூக்குக்கும் வித்தியாசமே இல்லை என்றால் சம்பளம் கூடினவன் எதற்கு ப்யூக் வாங்கப் போகிறான்? அவன் ஹோண்டா கடைக்குப் போனான்.

இப்போது நான் மனசில் வைத்திருக்கும் கதை, ஃப்ரீமான்ட். கலிபோர்னியாவில் இருந்த ஜிஎம் ஆலை, கம்பெனியிலேயே மோசமானது என்று பெயர் எடுத்தது. ஆட்கள் குடித்துவிட்டு வருவார்கள், பாதி நாள் லைனை ஓட்ட ஆளே தேறாது. கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடுவார்களாம், ஓட்டுகிறவன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவிக்கட்டும் என்று. அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னது இது. 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டாக நும்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன, பெரும்பாலும் அதே தொழிலாளர்களை, அதே சங்கத்தோடு எடுத்தார்கள். அவர்களைக் குழுக் குழுவாக ஜப்பானுக்கு அனுப்பி டொயோட்டா ஆலையில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்கள்.

பழைய ஆலையில் ஒரு விதி இருந்தது: லைன் நிற்கக் கூடாது. எஞ்சினைத் தலைகீழாக மாட்டியிருந்தாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், கடைசியில் வெளி மைதானத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நும்மியில் ஒவ்வொரு ஆளின் தலைக்கு மேலேயும் ஒரு கயிறு தொங்கியது. ஒரு நட்டு சரியாக உட்காரவில்லை என்றால் இழுக்க வேண்டும். இழுத்தால் ஒரு இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்பார், சேர்ந்து சரி செய்வார்கள், முடியவில்லை என்றால் லைனே நிற்கும். நேற்றுவரை வாயைத் திறந்தால் வேலை போகும் என்று இருந்த ஆளிடம், உனக்குத் தப்பாகத் தெரிந்தால் நிறுத்து என்று சொல்லிக் கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். ஓரிரு வருடத்தில் அங்கிருந்து வந்த ஷெவர்லே நோவாக்கள் ஜப்பானில் செய்த வண்டியின் தரத்தைத் தொட்டன. அதே மனிதர்கள்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும், ஏனென்றால் ஜிஎம் இதைக் கண்ணால் பார்த்தது, தன் மேலாளர்களை அனுப்பிக் கற்றுக்கொள்ள வைத்தது, திரும்பி வந்தவர்கள் சொன்னதை மற்ற ஆலைகளில் நடத்தவிடவில்லை. தெற்கு கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலையில் கயிறு கட்டினார்கள், இழுத்தவனை மேஸ்திரி திட்டினான். கடைசியில் 2009-இல் ஜிஎம் அந்தக் கூட்டிலிருந்து விலகியது, 2010-இல் ஆலை மூடியது, இன்றைக்கு அங்கே டெஸ்லா வண்டி செய்கிறது.

டெஸ்லா என்றதும் இன்னொன்று. 1996-இல் இவி1 என்ற மின்சாரக் காரை ஜிஎம் கொண்டுவந்தது, 1,117 வண்டிகள், வாடகைக்கு மட்டும். ஓட்டினவர்கள் விலைக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினார்கள், கம்பெனி திரும்ப வாங்கி ஏறக்குறைய எல்லாவற்றையும் நசுக்கிப் போட்டது. ஏர்பேக்கும் அப்படித்தான், 1970-களின் நடுவில் ஏறத்தாழ 10,000 கார்களில் விற்றுவிட்டு நிறுத்தினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு, காசு வரவில்லை என்று திரும்பி வந்துவிடுகிற வழக்கம் இந்தக் கம்பெனிக்கு உண்டு.

2009 ஜூன் 1 அன்று ஜிஎம் திவால் மனு கொடுத்தது. ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவு மட்டும் ஒவ்வொரு வண்டி விலையிலும் ஆயிரம் டாலருக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது என்று அன்றைக்குக் கணக்கு சொன்னார்கள், பெட்ரோல் விலை ஏறியபோது பெரிய வண்டி விற்கவில்லை, அப்புறம் நிதி நெருக்கடி. தொழிலாளி சம்பளம்தான் மூழ்கடித்தது என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள், அது அரைகுறை உண்மை. விற்பனையில் பாதி கையில் இருந்தபோது கொடுத்த வாக்கு அது. கால்வாசிக்கும் கீழே சரிந்த பிறகு சுமை கனக்கத்தான் செய்யும், சரிந்ததற்குக் காரணம் மேலே நான் சொன்ன வண்டிகள். அமெரிக்க அரசாங்கம் ஏறக்குறைய 5,000 கோடி டாலர் போட்டுக் காப்பாற்றியது, 40 நாளில் வெளியே வந்தது, பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர் பிராண்டுகள் எல்லாம் போயின. 2013 டிசம்பரில் அரசு கடைசிப் பங்கை விற்றபோது 1,000 கோடி டாலருக்கு மேல் மக்கள் பணம் திரும்பி வரவில்லை.

எல்லாவற்றையும்விட என் மனதைக் கெடுத்தது அதற்கடுத்த கதை. உங்கள் பழைய காரில் சாவி போட்டுத் திருப்பும்போது ஒவ்வொரு இடத்திலும் 'டக்' என்று நிற்கும் இல்லையா, அந்த டக்கைக் கொடுப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பிளஞ்சரும் அதன் பின்னால் விரல் நுனியில் வைக்கிற அளவு ஸ்பிரிங்கும்தான். சாட்டர்ன் அயான், ஷெவர்லே கோபால்ட் வண்டிகளில் போட்ட சுவிட்சில் அந்த ஸ்பிரிங் குட்டை. திருப்ப 20 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசை தேவைப்பட வேண்டும் என்று வரைபடம் சொன்னது, கையில் இருந்த சுவிட்ச்கள் 4-லிருந்து 10-க்குள் திரும்பின. அது தெரிந்தே 2002-இல் ஒப்புக்கொண்டார்கள். விளைவு? சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் பட்டாலோ, பள்ளத்தில் இறங்கினாலோ சாவி தானாகப் பின்னால் திரும்பும். ஓடுகிற வண்டியில் எஞ்சின் அணையும், ஸ்டீயரிங் இறுகும், பிரேக் உதவி போகும், ஏர்பேக் விரியாது.

வண்டி நடுரோட்டில் அணைகிறது என்று 2004, 2005-இலேயே புகார் வந்தது. கம்பெனி இதை வாடிக்கையாளரின் வசதி சம்பந்தப்பட்ட குறை என்று வகைப்படுத்தியது, பாதுகாப்புக் குறை என்று இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் இத்தனை பேரைக் கொன்றது என்று நான் நினைக்கிறேன். வசதிக் குறை என்றால் திருத்தச் செலவு கட்டுபடியாகுமா என்று பார்ப்பார்கள், பாதுகாப்புக் குறை என்றால் பார்க்க முடியாது. சாவிக்கொத்திலிருந்து கனமான சாமானை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று விற்பனையாளர்களுக்குத் தகவல் போனது, அவ்வளவுதான். 2006-இல் ஸ்பிரிங்கைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள், ஆனால் பாகம் எண்ணை மாற்றவில்லை. உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சாமானை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று. ஒரே எண்ணில் இரண்டு சாமான் உலாவியதால் சில வருட வண்டியில் மட்டும் ஏன் ஏர்பேக் விரிவதில்லை என்று உள்ளே விசாரித்தவர்களே குழம்பினார்கள். ஜார்ஜியாவில் மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் போட்ட வழக்கில், அவர்கள் வைத்த பொறியாளர் பழைய சுவிட்சையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் பிரித்து வைத்துப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. அது 2013. ரீகால், அதாவது வண்டிகளைத் திருத்தத் திரும்ப அழைத்தது, 2014 பிப்ரவரி. உலகம் முழுக்க 26 லட்சம் வண்டிகள். இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவுகள் 124.

கம்பெனியே அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வலூகாஸின் அறிக்கையில் ஒரு பழக்கம் வருகிறது, 'ஜிஎம் தலையாட்டு'. கூட்டத்தில் ஒரு திட்டத்துக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள், எழுந்து போன பிறகு யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். எழுதும்போது 'கோளாறு', 'பாதுகாப்பு' போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்லிப் பயிற்சியே கொடுத்திருந்தார்கள். தெரிந்ததைச் சொல்லக் கூடாது என்று பாடம் எடுத்த கம்பெனி. ரீகால் வந்தபோது தலைமைப் பதவிக்கு வந்து சில வாரமே ஆகியிருந்த மேரி பாரா, பான்டியாக் ஆலையில் உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு செய்கிற தொழிலாளியாக இருந்தவரின் மகள், 18 வயதில் ஜிஎம்மில் சேர்ந்தவர். அவர் அறிக்கையை மூடி மறைக்கவில்லை, 15 பேரை வேலையைவிட்டு அனுப்பினார், ஊழியர்கள் பாதுகாப்புக் குறையை நேராக எழுப்ப ஒரு வழி வைத்தார். கயிற்றைத் திரும்பக் கொடுத்த மாதிரி. அந்த மட்டில் அவரைப் பாராட்டுவேன்.

நம்ம ஊர்ப் பக்கமும் ஒரு வார்த்தை. 1928-இலேயே பம்பாயில் கார் கோர்த்து விற்ற கம்பெனி இது, 1950-களில் போய்விட்டது. நம் சாலைகளில் ஓடிய பெட்ஃபோர்டு லாரியும் கான்டெஸா காரும் ஜிஎம்மின் இங்கிலாந்துக் கிளையான வாக்ஸ்ஹாலின் வழிவந்தவை. பின்னால் வந்த ஷெவர்லே டவேராவில் குடும்பத்தோடு கோயில் குளம் போகாதவர்கள் குறைவு. 2013-இல் 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்தார்கள், புகைச் சோதனையில் ஊழியர்கள் தில்லுமுல்லு செய்ததைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2017-இல் இந்தியாவில் விற்பதையே நிறுத்தினார்கள்.

இதெல்லாம் கேட்டபிறகு தாஹோவா என்று கேட்பீர்கள். ஆமாம், என் கணிப்பில் ஜிஎம்மின் சின்னக் கார்களை ஒதுக்கியது நியாயம், ஆனால் அடியில் தனி இரும்புச் சட்டம் வைத்த பெரிய வண்டிகளில், அதாவது பிக்கப், தாஹோ, சபர்பன் வகையில், அவர்களின் முழு அறிவும் காசும் போய் உட்கார்ந்திருக்கிறது, லாபம் அங்கேதான் வருகிறது என்பதால். 2021-இல் அமெரிக்க விற்பனையில் டொயோட்டா முந்தியது, அடுத்த வருடமே ஜிஎம் முதலிடத்தைத் திரும்பப் பிடித்ததற்கும் இந்தப் பெரிய வண்டிகள்தான் முதுகெலும்பு. பழையது வாங்கும்போது 5.3 லிட்டர் வி8 பலவற்றில் பாதி சிலிண்டர்களை அணைத்து எரிபொருள் மிச்சம் பிடிக்கும் அமைப்பு இருக்கும், அதில் வால்வைத் தூக்கும் லிஃப்டர்கள் கெடுவது தெரிந்த வியாதி. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டைக் காதால் கேளுங்கள், டிக் டிக் என்று சத்தம் நிற்காமல் வந்தால் வேண்டாம். எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். 6.2 லிட்டர் எஞ்சின் என்றால், 2021-லிருந்து 2024 வரையிலான மாடல்களில் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளை 2025 ஏப்ரலில் திரும்ப அழைத்திருக்கிறார்கள், எஞ்சினுக்குள் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் சம்பந்தப்பட்ட குறை. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் 17 எழுத்து வண்டி எண்ணை அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைத் தளத்தில் போட்டால் எந்த ரீகால் இன்னும் பாக்கி என்று இலவசமாகவே காட்டும். பாக்கி இருந்தால் முதலில் விற்கிறவரை முடித்துவரச் சொல்லுங்கள், அப்புறம் விலை பேசலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆலையில் வேலை பார்த்தவர் என்றால் வண்டியைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிச்சயம் வருவார், உங்களுக்கும் எனக்கும் கேட்காத சத்தம் அவருக்குக் கேட்கும்.